ஓடுன்னு சொன்னா புரியாத சுபேதார்

இல்லடா, அவனுக்கு ஓடத் தெரியாம இல்ல. ஓடுங்கற வார்த்தைதான் தெரியாது. மொதல்லருந்து சொல்றேன், குறுக்க பேசாம கேளு.

எரநூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி, ஒரு பாதுஷா இருந்தாரு, எந்த பாதுஷான்னு கேக்காத, அவரு பட்டாளத்துல இருசப்பன்னு நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் சேந்தான். அங்க உத்தரவெல்லாம் பார்சி பாஷையில. வாத்தியாரு குச்சிய வச்சிக்கிட்டு நில்லுங்கறதுக்கு என்னன்னு சொல்லிக் குடுத்தாரு, நடங்கறதுக்கு சொல்லிக் குடுத்தாரு, சுடுங்கறதுக்கு சொல்லிக் குடுத்தாரு. திரும்பி ஓடுங்கறதுக்கு வர்றதுக்குள்ள அவருக்குப் பசி வந்துடுச்சு, சாப்புடப் போயிட்டாரு.

அப்பறம் மொதச் சண்டை. ஓடுன்னு கத்துனாங்க, எல்லாரும் ஓடுனாங்க, இவன் நின்னான். ஒத்த ஆளு நிக்கிறானே, ஏதோ சூது இருக்குதுன்னு எதிரி திரும்பிட்டான். இவன நாயக் ஆக்குனாங்க. அடுத்த சண்டை. கத்துனாங்க, ஓடுனாங்க, நின்னான். ஜமேதார் ஆக்குனாங்க. அதுக்கடுத்த சண்டையிலயும் கத்துனாங்க, ஓடுனாங்க...

ஆங், நின்னான். சுபேதார் ஆயிட்டான். சிரிக்காத பாப்பா, நெசமாவே சில பேரு இப்படித்தான் அதிகாரி ஆவறாங்க.

அப்பறம் வந்துச்சு பெரிய சண்டை. எதிரியோட குதிரைப்படை வருதுன்னு ஊரு சனமெல்லாம் புள்ளகுட்டி ஆடுமாட்டோட ஆத்தத் தாண்டுது. பாதி சனம்கூட தாண்டல. அதுங்களக் காவல் காத்துக்கிட்டு இக்கரையில இருசப்பன் பட்டாளம். அவனுக்கு மேல தளபதி ரங்கோஜி. அந்தாளு அக்கரைக்குப் போயி, மேட்டுல பல்லக்குல உக்காந்துக்கிட்டு ஆளனுப்புனான். வந்தவன் நம்ம பாஷையிலயே சொல்லிட்டான்.

"சுபேதாரே, எல்லாரையும் ஓடி வரச் சொல்றாரு."

இருசப்பன் ஆத்தப் பாத்தான். மார்பளவு தண்ணியில ஒரு பொம்பள கொழந்தையத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுப் போறா.

"ஏம்பா, தளபதி எந்த பாஷையில சொன்னாரு?"

"பார்சியிலதான்."

"எனக்கு அந்த வார்த்தை தெரியாதுன்னு போய்ச் சொல்லு."

"ஐயா, தலைய வாங்கிடுவாங்க!"

"என் தலைதானே? நீ போ."

அப்பறம் என்னா, குதிரை வந்துச்சு, அடிச்சாங்க. மறுபடி வந்துச்சு, அடிச்சாங்க. மறுபடியும் வந்துச்சு, அடிச்சாங்க. இருசப்பனுக்குத் தோள்ல வெட்டு. கடைசி ஆடு கரை ஏர்ற வரைக்கும் நவுரல.

அரண்மனைக்கு மொதல்ல ஓடுனது யாரு? ரங்கோஜிதான்.

"ஹுஸூர், ஆத்தங்கரையில நின்னு ஜெயிச்சது நானு. எனக்குப் பட்டம் குடுங்க. இந்த இருசப்பன் என் உத்தரவ மீறுனான். இவனுக்குத் தூக்குக் குடுங்க."

பாதுஷா கேட்டாரு, "என்னா உத்தரவு?"

ரங்கோஜி வசமா மாட்டிக்கிட்டான். ஓடி வரச் சொன்னேன்னா பட்டம் போச்சு. சொல்லலன்னா, இருசப்பன் மேல தப்பே இல்ல.

"சொல்லுப்பா, எனக்கு வேலை கெடக்கு."

"ஹுஸூர்... எனக்கு ஞாபகம் இல்ல."

"சரி, பல்லக்க இங்கயே விட்டுட்டுப் போ. இன்னிலருந்து நீ இருசப்பன் பட்டாளத்துல சிப்பாய். மொத வரிசையில."

அவ்ளோதான் கதை. கேட்டவங்க கண்ண மூடுங்க, கேக்காதவங்க காத மூடுங்க. அடுத்தவன் ரத்தத்துல பட்டம் கேட்டா இப்படித்தான்...

யாரு? என்னாம்மே? கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சா? வரேன், வரேன். டேய், காலை மடக்கு, வழிய வுடு.