ஓடை கடந்த சேதி

முன்னொரு காலம் என்று தள்ளிப் போக வேண்டாம், போன ஆடியில்தான். பவுலின் என்ற பெண்ணின் தலைக்குள் இரண்டு நரம்புகள் எதிரெதிரே வாழ்ந்தன. இரண்டும் ஒன்றையொன்று தொட்டதில்லை. நடுவே மயிரிழையிலும் மெல்லிய ஓர் ஓடை, இளஞ்சூட்டோடு அசைந்துகொண்டிருந்தது.

இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சேதி கொண்டுபோகிறவள் செரட்டோனின்.

நான்கு மாதமாகப் பவுலின் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். அக்கா ஜெசிந்தாள் பேசுவது காதில் விழும், மனசுக்குள் போகாது. ஏனென்று செரட்டோனினுக்குத் தெரியும். ஓடையில் குதிப்பாள், நீந்துவாள், எதிர்க்கரைக் கதவைத் தட்டக் கை நீட்டுவாள். அதற்குள் அள்ளுவான் என்பவன் அவளைப் பின்னாலிருந்து இழுத்துவிடுவான். புறப்பட்ட கரையின் வாயில்காப்போன் அவன்.

“ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு வந்துவிடுகிறேனே!”

“உன்மேல் எனக்கென்ன பகை? சிதறினவர்களை அள்ளி உள்ளே சேர்க்காவிட்டால் நாளைக்கு யார் தூது போவது?”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு காலையில், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தங்கைக்குக் கொடுத்தாள் ஜெசிந்தாள். அது ரத்தத்தில் மிதந்து மிதந்து ஓடைக்கு வந்து, அள்ளுவான் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

“நீ என்ன சேதி கொண்டுவந்தாய்?” என்றாள் செரட்டோனின்.

“ஒன்றுமில்லை. சந்தோஷம் என்னிடம் கிடையாது. இவன் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வந்தேன்.”

அள்ளுவானின் கை தளர, செரட்டோனினைப் போன்ற தூதுவர்கள் ஓடையில் பெருகினார்கள். புறப்படும் கரையில் தலை எண்ணுவதற்கென்றே இன்னொருவன் இருந்தான்; அந்தக் காவலாளி கூட்டத்தைக் கண்டு மிரண்டான். “போதும்! இனி யாரையும் அனுப்பாதே!” என்று கத்தினான். நரம்பும் பயந்து, அனுப்புவதைக் குறைத்தது.

வெளியே பவுலினுக்கு வயிற்றைப் புரட்டியது. “எனக்கு இதுவும் வேண்டாம்க்கா.”

“மூணு நாலு வாரம் ஆகும்னு டாக்டர் சொன்னாருல்ல. இன்னைக்கு ஒண்ணு போட்டுக்க. நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாப்போம்.”

மாத்திரை தினமும் வந்தது. கத்திக் கத்திக் காவலாளிக்குத் தொண்டை கட்டிப்போனது, கூட்டமும் பழகிப்போனது. ஒருநாள் அவன் வாயே திறக்கவில்லை.

செரட்டோனின் குதித்தாள். பின்னாலிருந்து எந்தக் கையும் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். அள்ளுவான், மடியில் மாத்திரையோடு, அரைத்தூக்கத்தில் இருந்தான். கனவில் போகிறவள்போல அவசரமில்லாமல் நீந்திப்போய்க் கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். மறுபடியும். வெகுநாள் சாத்திக்கிடந்த கதவு முனகிக்கொண்டே திறந்தது.

வெளியே மத்தியான வானம் கறுத்திருந்தது. பவுலின் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள்.

“அக்கா, மழை வருது. மாடியில துணி கெடக்கா?”

அடுப்படியில் ஜெசிந்தாள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். மாடியில் துணியெல்லாம் நனையத் தொடங்கியது. அவள் நகரவில்லை.

“என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு.”