பூனை விழுங்கிய திருகை

அந்தக் காலத்தில் மிருகங்கள் பேசும் என்று எல்லாக் கதைகளும் சொல்கின்றன. ஆனால் பூனைக்கு வாய்ப்பேச்சைத் தவிர வேறு சத்தமே கிடையாது என்பதைச் சொல்ல மறந்துவிடுகின்றன. நடந்தால் சத்தமில்லை, குதித்தால் சத்தமில்லை, வயிற்றுக்குள்ளும் ஒரு முணுமுணுப்பு கிடையாது. பூனை பக்கத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று எலிகளில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொண்டவர்கள் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. அந்த மௌனம்தான் பூனையின் பிழைப்பு.

அப்படி ஒரு பூனை, சோலையப்பன் என்ற மெத்தைக்காரர் வீட்டில் இருந்தது. சோலையப்பனுக்கு ஊர் ஊராகப் பெயர். அவர் தைத்த மெத்தையில் படுத்த மாப்பிள்ளைகள் முகூர்த்தத்துக்குப் பிந்தி வந்திருக்கிறார்கள். அவர் மட்டும் படுப்பது ஒரு கோரைப்பாயில். மதியம் சாப்பிட்டுவிட்டு, கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுப்பார். அவர் மனைவி பூவாத்தா அதே நேரத்தில்தான் திருகையின் முன்னால் ஒரு காலை நீட்டி உட்காருவாள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கற்கள். மேல்கல்லின் நடுவில் குழி, ஓரத்தில் ஒரு மரப்பிடி. ஒரு கையால் குழியில் கேழ்வரகு போடுவாள், மறுகையால் பிடியைச் சுற்றுவாள். கர்ர்... கர்ர்... என்று கல் நிதானமாகச் சுற்றும். சோலையப்பன் தூங்கிப்போவார்.

"தூக்கமெல்லாம் படுக்கையிலதான் இருக்கு" என்று அவர் வாடிக்கையாளர்களிடம் சொல்வார். மெத்தை விற்பவர் வேறு என்ன சொல்ல முடியும்? அவரும் அதை நம்பினார் என்பதுதான் வேடிக்கை.

ஐப்பசி மழையில் பூவாத்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சோலையப்பனுக்குத் தூக்கம் வரவில்லை. பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. ஒரு நாள், பஞ்சே அடைக்காமல் ஒரு தலையணையின் வாயைத் தைத்து மூடிவிட்டு, அதை நெடுநேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசி குத்திய விரல்களை எண்ணினால் பத்தும் தேறும். வைத்தியர் வந்து நாடி பார்த்தார். கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தார்.

"அந்தம்மா போனதுலேருந்து நாற்பது நாளைக்குள்ள இவர் தூங்கியாகணும். இல்லைன்னா அப்புறம் வர்றது யாராலயும் எழுப்ப முடியாத தூக்கமா இருக்கும்" என்றார்.

சோலையப்பன் தமக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தொடங்கினார். அரசர்களுக்கு ஐந்து பொருளால் படுக்கை செய்வது வழக்கம்: அன்னத்தின் தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, ஐந்தாவதாக மயில்தூவி. ஐந்தாவது மயில்தூவி அல்ல, சிறுபூளைச் செடியின் பூதான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய தூக்கம் எப்படி என்று விசாரிக்க வேண்டும்.

அன்னம் மார்புத் தூவியைக் கேட்டதும் கொடுத்தது. "எடுத்துக்கோங்க மெத்தைக்காரரே. ஆனா ஒண்ணு, நான் இதுக்கு மேலேயேதான் படுத்திருக்கேன். எனக்கே சில நாள் தூக்கம் வராது" என்றது. மயில், தன்னிடம் இரண்டாவதாக வந்ததற்காக முகம் திருப்பிக்கொண்டு, பிறகு கொடுத்தது.

படுக்கை தயாரானது. விரலால் தொட்டால் முழங்கை வரை உள்ளே போனது. சோலையப்பன் ஏறிப் படுத்து, விட்டத்தைப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். அதில் எத்தனை ஆணிகள் இருக்கின்றன என்று அவருக்கு இப்போது தெரியும்.

ஆறுதல் சொல்லவும் ஆட்கள் வந்தார்கள். காகம் வந்து நிலையாமையைப் பற்றிக் காலையில் தொடங்கி விளக்கு வைக்கும்வரை பேசியது. மிக நல்ல பேச்சு. மேற்கோள் ஒன்றும் தவறவில்லை. கடைசியில், "இப்ப மனசு லேசாச்சா?" என்று கேட்டது. அது போக வேண்டுமே என்பதற்காக, "ஆச்சு" என்றார் சோலையப்பன்.

அடுத்த வீட்டுக் குருவம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் கூழைக் கொண்டுவந்து வைப்பாள். ஒரு மதியம், சும்மா கிடக்கிற திருகையைப் பார்த்து அதன் முன்னால் உட்கார்ந்து நாலு சுற்றுச் சுற்றினாள். குருவம்மாவுக்கு எதிலும் அவசரம். கல் தடதடவென்று ஓடியது. சோலையப்பன் எழுந்து உட்கார்ந்து, "யார் அது?" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் குருவம்மா பிடியை விட்டுவிட்டாள்.

இதையெல்லாம் பூனை மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. பூனைகள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் அப்போதும் இருந்தது.

முப்பத்தொன்பதாம் நாள் மதியம், திருகைக்கு அடியில் குடியிருந்த எலி தலையை மட்டும் வெளியே நீட்டியது.

"பூனையாரே, கொஞ்சம் பேசலாமா? பேசி முடிக்கிறவரைக்கும் பாயக் கூடாது."

"இன்னைக்குப் பசியில்லை. சொல்லு."

"இந்த மனுஷர் தூங்கினது பாயாலன்னு நினைச்சிருக்கார். எனக்குத் தெரியும். அவர் கண் மூடினாத்தான் நான் வெளியே வர முடியும், அதனால தினமும் கவனிச்சிருக்கேன். கல்லு ஏழாவது சுத்து சுத்தும்போது குறட்டை வரும். ஒரு நாள்கூட எட்டாவது ஆனதில்லை."

பூனை வாலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போட்டது. "கல்லைச் சுத்தினவ போயிட்டா. இப்ப இதைச் சொல்லி என்ன?"

"சத்தம் போகலையே. இடுக்குல மாவோட ஒட்டிக்கிட்டு இருக்கு. நான் காதை வெச்சுக் கேட்டேன். நாளைக்குப் போயிடும்."

எலி சொன்னது சரிதான். ஒரே கை பல வருஷம் சுற்றிய கல்லில், கைக்குரியவர் போன பிறகும் அந்தச் சத்தம் நாற்பது நாள் தங்கும். காலிப் பானையில் நெய் வாசனை தங்குவது போல. அந்தக் காலத்து இயற்கை அப்படி. இப்போது யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

"அந்த மாவை யாராவது விழுங்கிட்டா, சத்தமும் அவங்களுக்குள்ள போயிடும்" என்றது எலி. "எனக்கு உடம்பு பத்தாது. உங்களுக்குப் பத்தும்."

பூனை கண்ணைச் சுருக்கியது. "அது எனக்குள்ள போனா, நான் எங்க வந்தாலும் உன் காதுல விழும். அதுக்குத்தானே இவ்வளவு அக்கறை?"

எலி மீசையைத் துடைத்துக்கொண்டது. "பொய் சொல்ல மாட்டேன். பாதி அதுக்குத்தான்."

"மீதிப் பாதி?"

"அந்தம்மா கல்லைத் துடைக்கும்போது ஓரமா ஒரு சிட்டிகை மாவை விட்டுட்டுத்தான் துடைக்கும். தினமும். மறதியால இல்லை."

பூனைக்கும் அந்தம்மாவோடு அப்படி ஒரு கதை இருந்திருக்கலாம். பூனைகள் அதையெல்லாம் வெளியே சொல்வதில்லை. பூனை எழுந்து திருகையிடம் வந்தது.

மேல்கல்லைத் தூக்கப் பூனையால் முடியாது. எனவே எலிதான் நடுக்குழி வழியாக இடுக்குக்குள் இறங்கி, ஒட்டியிருந்த மாவைக் கால்களால் பறித்து வெளியே தள்ளியது. பூனையின் மூக்குக்கும் எலியின் வாலுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. எலி திரும்பிப் பார்க்காமல் வேலை செய்தது. பூனை மாவை மட்டும் நக்கியது. கடைசித் துகள் வரைக்கும் நக்கி, விழுங்கியது.

விழுங்கியதும், தன் முன்னோர் யாரும் இழக்காத ஒன்றைத் தான் இழந்துவிட்டதாக அதற்குத் தோன்றியது. ஆனால் வயிற்றுக்குள் ஒன்றுமே கேட்கவில்லை.

ஐந்து பொருள் படுக்கைக்குப் பக்கத்தில், தரையில் விரித்த பழைய கோரைப்பாயில் சோலையப்பன் கிடந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பூனை போய் அவருடைய விலாவை ஒட்டிப் படுத்தது. அதுவரை அது யாரையும் ஒட்டிப் படுத்ததில்லை. தூரம்தான் மரியாதை என்பது பூனைகளின் கொள்கை. படுத்துக் காத்திருந்தது. சத்தம் வரவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தது, வயிற்றை எக்கிப் பார்த்தது. வரவில்லை.

"என்ன ஆச்சு? ஜீரணமாயிடுச்சா?" என்று எலி வளையிலிருந்து கிசுகிசுத்தது.

"வாயை மூடு" என்றது பூனை. அதற்கும் பயமாகத்தான் இருந்தது.

அப்போது சோலையப்பன், விலாவில் ஏதோ வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று, பார்க்காமலே கையை எடுத்துப் பூனையின் முதுகில் வைத்தார். கழுத்திலிருந்து வால்வரை ஒருமுறை மெல்லத் தடவினார்.

கர்ர்... என்றது.

கை நின்றது. சத்தமும் நின்றது. கை மறுபடி நகர்ந்தது. கர்ர்... கர்ர்... அவசரமில்லாமல், குழியில் தானியம் போடும் நேரத்துக்குச் சற்றுத் தயங்கி, மறுபடி சுற்றிக்கொண்டு வந்தது. திருகைக்கு ஒரு கை வேண்டும் என்பது பூனைக்கு அப்போதுதான் புரிந்தது.

சோலையப்பன் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. நான்காவது சுற்று, ஐந்தாவது சுற்று.

"போதும் பூவாத்தா" என்றார். "கை வலிக்கப் போகுது."

ஏழாவது சுற்றில் தூங்கிப்போனார்.

மறுநாள் மதியம்வரை தூங்கினார். கை மட்டும் பூனையின் முதுகில் தூக்கத்திலேயே அசைந்துகொண்டிருந்தது. குருவம்மா கூழோடு வந்து, பார்த்து, கொலுசுச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனாள். பசித்த எலி பூனையின் மூக்குக்கு முன்னால் மூன்று முறை குறுக்கே போனது. மூன்றாவது முறை வேண்டுமென்றேதான் போனது. பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. எழுந்தால் கல் நின்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டது.

சோலையப்பன் பிழைத்துக்கொண்டார். எழுந்ததும் கூழைக் குடித்தார். பஞ்சில்லாத தலையணையைப் பிரித்துப் பஞ்சு அடைத்தார். ஐந்து பொருள் படுக்கையை வைத்தியருக்குக் கொடுத்துவிட்டார். வைத்தியருக்கு அதில் நல்ல தூக்கம் வந்ததாகத் தகவல் இல்லை.

எலி போட்ட திட்டம் பாதிதான் பலித்தது. பூனை வேட்டைக்குப் போகும்போது கல்லை நிறுத்திவைத்துவிட்டுப் போகக் கற்றுக்கொண்டது.

அன்று முதல்தான் ஒரு கை முதுகில் பட்டால் பூனைக்குள் கல் சுற்றத் தொடங்குகிறது. கை வைத்தவர், எழுந்து செய்ய வேண்டிய வேலை ஆயிரம் இருந்தாலும், இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.