குழந்தைகள் இலவசம்

பெரிய நகரத்தின் நடுவில் ஓர் ஏரி. அதில் ஒரு முக்குளிப்பான் குடும்பம். முக்குளிப்பான் என்பது வாத்தைப் போலிருக்கும் நீர்ப்பறவை. ஆனால் வாத்தில் பாதிகூட இருக்காது. அப்பா பெயர் மூக்கன். அம்மா பெயர் அல்லி. குஞ்சுகள் மூன்று.

கோடை விடுமுறை வந்தது. குஞ்சுகளுக்குக் காலையில் எழுந்தால் ஒரே பாட்டு.

"அப்பா, எங்கேயாவது கூட்டிட்டுப் போ!"

"எங்கே போறது? இதோ ஏரி இருக்கு. பாருங்க!"

"இதைத்தானே பிறந்ததிலிருந்து பார்க்கிறோம்! கொக்கு மாமா அவர் பிள்ளைங்களைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனார். பெரிய கடை வாசல்ல நீரூற்றுகூடக் காட்டினார்!"

மூக்கனுக்குக் கொக்கைப் பிடிக்காது. போன மழைக்காலத்தில் தன் வாய்க்கு நேரே வந்த கெண்டையை அது கொத்திக்கொண்டு போனதை அவன் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

"அவனுக்கு நீளக் கால். போறான்" என்றான்.

அல்லி சமாதானம் பேசினாள். "பாலத்தடிக்குப் போனா ரயில் பார்க்கலாம். காசா, பணமா?"

"பார்த்தாச்சு!"

"காலையில கரையில மனுஷங்க வட்டமா நின்னு சிரிக்கிறாங்களே, அது?"

"அதையும் பார்த்தாச்சு! எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு அவங்களுக்கே தெரியல!"

அந்த நேரம் ஒரு மைனா கரையோரம் பறந்துகொண்டே கத்தியது.

"உடைந்த குழாய்க்குள் உலக அதிசயம்! இன்று மாலை முதல் காட்சி! பெரியவர்களுக்கு ஒரு மீன்! குழந்தைகள் இலவசம்!"

மூக்கன் கழுத்தை நீட்டினான்.

"கேட்டியா அல்லி? பெரியவங்களுக்கு ஒரு மீன் தர்றானாம்! பிள்ளைங்களுக்குக் கட்டணமும் கிடையாதாம்!"

"ஏங்க, மீன் நாமதான் கொடுக்கணுமோ என்னவோ."

"பெரியவர்களுக்குன்னு சொல்றானே, காது கேட்கலையா? எனக்கு ஒரு மீன்னா, எனக்குத் தர்ற மீன்தான்!"

அன்று மத்தியானம் மூக்கன் சாப்பிடவில்லை. வயிற்றில் இடம் வேண்டுமே. மாலையில் அல்லியை வீட்டில் விட்டுவிட்டுக் குஞ்சுகளோடு கிளம்பினான்.

உடைந்த குழாய் பாதி கரையிலும் பாதி தண்ணீரிலுமாகக் கிடந்தது. கொக்கு தன் பிள்ளைகளோடு நின்றது. அதன் அலகில் ஒரு மீன். மீன் கொடுக்கிற இடத்துக்கு மீனோடு வந்த முட்டாளைப் பார்த்ததில் மூக்கனுக்கு ரொம்பத் திருப்தி. அவன் முண்டியடித்து வரிசையில் முதலில் போய் நின்றான்.

மைனா சொன்னது: "பெரியவங்க வெளியே நிக்கணும். குழந்தைங்க மட்டும் உள்ளே!"

குஞ்சுகள் குழாயின் வாய்வரை போய்விட்டன.

"நில்லுங்க!" என்றான் மூக்கன். "முதல்ல என் மீன் எங்கே?"

"நீங்கதான் ஐயா தரணும்!"

"நான் எதுக்குத் தரணும்? பெரியவர்களுக்கு ஒரு மீன்னு நீதானே கத்தினே?"

"எனக்குச் சொன்னதைச் சொன்னேன். ஓர் எழுத்துக் கூட்டல, குறைக்கல!"

"சொன்னவனைக் கூப்பிடு!"

"கூப்பிடக் கூடாதுன்னும் சொல்லியிருக்கார்."

குஞ்சுகள் உள்ளே போவதை மறந்து சண்டையை வேடிக்கை பார்த்தன. பின்னால் நின்ற கொக்கு, "அட, வழியை விடப்பா!" என்று வாயைத் திறந்தது. மீன் தண்ணீரில் விழுந்து ஓடிப்போனது.

"மீனைக் காட்டு! இல்லைன்னா இந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன்!" என்று மூக்கன் குழாய் அதிரக் கத்தினான்.

உள்ளே இருந்தவருக்குப் பொறுமை போய்விட்டது.

"அறிவு கெட்ட ஜென்மமே!" என்று ஒரு கரகரத்த குரல் கேட்டது. "சோப்பு வாங்கினா டப்பா இலவசம்னு கடையில கேட்டதில்லையா? நீ கொடுக்கிறது மீன். அதோட குழந்தைங்க எனக்கு இலவசம்!"

எல்லோரும் குழாய்ப் பக்கம் திரும்பினார்கள்.

"அதாவது..." என்று குரல் கொஞ்சம் தடுமாறியது. பிறகு இருட்டிலிருந்து மீசை வந்தது. மீசைக்குப் பின்னால் கடுவன் பூனை வந்தது.

மூக்கன் மீனை மறந்தான். குஞ்சுகளுக்கு முன்னால் பாய்ந்து முதுகைத் தாழ்த்தினான். "ஏறுங்க! சிறகுக்குள்ள தலையை விடுங்க!" மூன்றும் ஏறின. பூனை பாய்ந்தது. அதன் கைக்கு ஒரு வால் இறகு கிடைத்தது. மூக்கன் தண்ணீருக்குள் மறைந்தான். கொக்கு தன் பிள்ளைகளோடு பறந்தது. மைனா அன்றோடு வேலையை விட்டது.

கோரைப்புல்லுக்கு நடுவே மூக்கன் தலையைத் தூக்கினான். அல்லி ஓடி வந்து ஒவ்வொரு குஞ்சாகத் தடவிப் பார்த்தாள். மூன்றும் முழுசாக இருந்தன. மூக்கனுக்குத்தான் ஒரு வால் இறகு குறைந்திருந்தது.

கடைக்குட்டி கத்தியது: "அம்மா! அப்பா மைனாகூடச் சண்டை போட்டார்! கொக்கு மாமா வாயிலிருந்து மீன் விழுந்துச்சு! அப்புறம் அப்பா எங்களை முதுகுல ஏத்தித் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போனார்! இதுமாதிரி நாங்க எங்கேயும் பார்த்ததில்ல! நாளைக்கும் போலாமா அப்பா?"

"பூனை கிட்டயா?" என்றாள் அல்லி.

"பூனை வேண்டாம். அப்பா போதும்!"

மறுநாளிலிருந்து விடுமுறை முடியும்வரை மூக்கன் மூவரையும் முதுகில் ஏற்றி ஏரியைச் சுற்றிவந்தான். முழுகினான், எழுந்தான். வேறெங்கும் கூட்டிப்போகும்படி ஒருவரும் கேட்கவில்லை.

இலவசம் என்ற சொல் காதில் விழுந்தால், எது இலவசம், யாருக்கு இலவசம் என்று கேட்டுத் தெளிந்த பிறகே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்க வேண்டும்.