மூன்று ஈய அங்கிகள்

வேங்கைமலை அரசர் மாறவேளுக்கு ஒரு கல் கிடைத்தது. இருட்டில் பச்சையாக ஒளிரும். சபை வாசலில் மேடை போட்டு வைத்தார். தினமும் அதைத் துடைப்பது காத்தாயியின் வேலை. ஆறே மாதத்தில் அவள் விரல்கள் வெந்தவைபோல் ஆகிவிட்டன.

வைத்தியர் சோதித்தார். கல்லருகே மல்லிகை மொட்டு வைத்தார், கருகியது. நடுவே பட்டுத்துணி தொங்கவிட்டார், அப்போதும் கருகியது. தேக்குப் பலகை வைத்தும் அதே கதி. தடித்த ஈயத்தகட்டை நிறுத்தினார், மொட்டு பூத்தது.

உடனே நாட்டிலிருந்த ஈயத்தையெல்லாம் திரட்டி, கையுறையோடு மூன்று அங்கிகள் செய்தார்கள். அரசருக்கு ஒன்று, அமைச்சர் வல்லபராயருக்கு ஒன்று, தளபதிக்கு ஒன்று. மூவரும் கல்லுக்கு நூறடி தள்ளி உட்காருபவர்கள்! காத்தாயிக்கு? புதுத் துடைப்புத்துணி. கேட்டால், தகுதி வரிசையாம். கல்லிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் வந்து சுடும் கதிர் யாரிடமாவது தகுதி கேட்டதா?

சபையில் ஓலை எழுதும் நாச்சி எழுந்தாள்.

"அரசே, காத்தாயிக்கு ஓர் அங்கி வேண்டும்."

"ஈயம் தீர்ந்துபோய்விட்டதே, நாச்சி."

"கல்லைப் பெட்டியில் வைத்து மூடலாமே?"

"மூடினால் தூதர்களுக்கு எதைக் காட்டுவது?" என்றார் அமைச்சர். "இவள் இல்லாவிட்டால் வேறொருத்தி துடைக்கிறாள். இதெல்லாம் ஒரு பேச்சா?"

நாச்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். "சரி ஐயா. அப்படியானால் ஓர் ஆணை மட்டும் போதும். அங்கி இல்லாதவர் யாரும் கல்லை நெருங்கக் கூடாது."

"நியாயம்தானே!" அரசர் முத்திரை குத்தினார்.

மறுநாள் கல்லில் தூசி. மூன்றாம் நாள் காக்கை எச்சம். நான்காம் நாள் தூதர்கள் வரவேண்டிய நாள்.

"ஏன் துடைக்கவில்லை?" அரசர் அதட்டினார்.

"அங்கி உள்ளவர்கள் மூன்றே பேர், அரசே." நாச்சி துணியை நீட்டினாள். "இன்று யார் முறை?"

தளபதி அங்கியைக் கழற்றினார். "தோள் வலி" என்றார்.

அமைச்சரும் கழற்றினார். "எனக்கு முதலிலிருந்தே அளவு சரியில்லை."

மிச்சமிருந்த அங்கிக்குள் அரசர் இருந்தார். சபையே அவரைப் பார்த்தது.

"நாச்சி, ஆணையில் 'துடைக்கும் முறை அரசருக்கு இல்லை' என்று எழுத மறந்துவிட்டாயா?"

"மறக்கவில்லை, அரசே."

அரசர் சிரித்த சிரிப்பில் அங்கி குலுங்கியது. அவரும் கழற்றினார். "என்ன பரிசு வேண்டும்?"

"காத்தாயி வீட்டுக்கு அரண்மனை வைத்தியர். கல்லுக்கு ஈயப்பெட்டி."

இரண்டு அங்கிகள் உருகிப் பெட்டியாயின. மூன்றாவதை மாட்டிக்கொண்டு கல்லைப் பெட்டிக்குள் வைத்தவர் வல்லபராயர்.

அளவு கச்சிதமாக இருந்தது.