அக்கரை ஆள்

ஊருக்கும் எதிரே உள்ள தீவுக்கும் இடையே ஓடும் பேரூராட்சிப் படகில் கயிறு போட்டு ஆள் ஏற்றுபவள் மிக்கேலம்மாள். தீவுக்காரர்கள் தனக்கு ஓட்டுப் போடவில்லை என்று தலைவர் கோமதிநாயகத்துக்கு ஆத்திரம்.

"இனிமே அக்கரை ஆளு ஒருத்தரையும் ஏத்தக் கூடாது. இது என் உத்தரவு."

"சரிங்க தலைவரே" என்றாள்.

மறுநாள் தீவில் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம். தலைவர் அதே படகில் போய், நண்டுக் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு, ஊர் திரும்பத் தீவுத் துறைக்கு வந்தார். ஊருக்குப் போக வழியில்லாத தீவு ஜனங்களும் அங்கே நின்றார்கள். அவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்ட மிக்கேலம்மாள், தலைவர் ஏறக் காலைத் தூக்கியதும் குறுக்கே கயிற்றை நீட்டினாள்.

"உத்தரவு இருக்குங்க தலைவரே. காலையில அங்க நின்னீங்க, நீங்க இக்கரை, ஏத்துனேன். இங்க நின்னு பாத்தா இவங்கதான் இக்கரை. நீங்க அக்கரை ஆளு."

படகே சிரித்தது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரையும் ஏத்து."

"இது உத்தரவுங்களா?"

"உத்தரவுதான், தாயி."

கயிறு விலகியது. அன்றிலிருந்து அந்தப் படகுக்கு அக்கரை என்று ஒன்று இல்லாமலே போயிற்று.