ஆறாவது ஞாயிறு

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களுக்கு நடுவில் ஓர் ஓட்டு வீடு இருந்தது. உச்சி வெயிலில் அங்கே போகிறவருக்குத் தரை எது, தண்ணீர் எது, வானம் எது என்று பிடிபடாது. உப்புக் குவியல்கள் தரையை விட்டு ஒரு முழம் மேலே மிதக்கும். வீடும் மிதக்கும். நடந்துபோகிறவர் தன் கால் தரையில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வார்.

அந்த வீட்டில் இசக்கியம்மாள் இருந்தாள். வயது முப்பத்தாறு. சினிமா, தொடர், கல்யாண வீடியோ என்று வீடுகளில் குவிந்து கிடப்பதையெல்லாம் டிவியோடு இணைக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குள் சேர்த்து, டிவியில் கேட்டது கேட்டபடி வரும்படி அடுக்கிவைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவளை டீச்சர் என்றார்கள். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டாள் என்று அவள்மேல் ஒரு புகார் உண்டு. புகார் சொன்னவர்கள்தான் மறுவாரமும் முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

பெர்க்மான்ஸ் அவளிடம் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அறுபத்தொரு வயது. முப்பது வருடம் கப்பல்களின் எஞ்சின் அறையில் கழித்தவர். இடுப்பளவு எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய கை, டிவி ரிமோட்டைப் பிடித்தால் எந்தப் பொத்தான் என்று தடுமாறியது. அதில் அவருக்குக் கொஞ்சம் மானக்கேடுதான்.

அவர் கொண்டுவந்தது முப்பத்து நான்கு டிவிடிகள்.

மகள் இமெல்டா சிறுமியாக இருந்தபோது, அவர் நாலு வருடம் தூரக் கப்பல்களில் ஓடினார். அந்த நாலு வருடமும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர் மனைவி கேமராவை அரிசி டின்மேல் வைத்து, வீட்டை இருபது நிமிடம் படம் பிடிப்பாள். ஆறு ஞாயிறு சேர்ந்ததும் ஸ்டுடியோவில் கொடுத்து ஒரே டிவிடியாக்கி, கப்பல் போகும் துறைமுகத்துக்கு அனுப்பிவைப்பாள்.

இசக்கியம்மாள் முதலில் கற்றுக்கொடுத்தது டிவிடியை உடைக்காமல், முழுசாக, அப்படியே ஒரு ஃபைலாக எடுப்பது. அதை இமேஜ் என்பார்கள். பெர்க்மான்ஸ் முப்பத்து நான்கையும் எடுத்தார். டிவியில் முப்பத்து நான்கு பெயர் வந்தது.

"டீச்சர், இருநூத்தி நாலு ஞாயிறு குடுத்தேன். முப்பத்தி நாலுதான் இருக்குங்குது."

"பேர் சரியில்ல அண்ணாச்சி. உள்ள எத்தனை ஞாயிறு இருக்கோ, அத்தனை நம்பரையும் அந்த ஒரே பேர்ல வரிசையா எழுதுங்க."

எழுதினார். இருநூற்று நான்கும் வரிசையாக வந்து நின்றன. பெர்க்மான்ஸ் அன்று வீட்டுக்குப் பாடிக்கொண்டே போனார்.

சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. நாலாவது ஞாயிறைத் தொட்டால் முதல் ஞாயிறு ஓடியது. ஆறாவதைத் தொட்டாலும் முதல் ஞாயிறுதான். பெயர் ஆறாக இருந்தாலும் ஃபைல் ஒன்றுதானே. இன்னொரு வம்பும் சேர்ந்துகொண்டது. ஒன்று ஓடி முடிந்தால், பார்த்தாயிற்று என்று பெட்டி ஆறுக்கும் டிக் போட்டுவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணிக்கு, பெர்க்மான்ஸ் உப்பளத்துக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தார். தூரத்தில் பார்க்கும்போது தண்ணீரின்மேல் ஓடிவருவது போலிருந்தது. பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"டீச்சர், இதப் பிரிச்சுக் குடுத்திருங்க. ஞாயிறு ஞாயிறாத் தனித்தனியா. இன்னைக்கே."

"என்ன அவசரம்?"

"இமெல்டா அம்மா சனிக்கிழமை ரயிலுக்குக் கோயம்புத்தூர் போறா. மக வீட்டோட இருக்கப் போறாளாம்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் சொல்லல." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போகாதன்னு சொன்னேன். அந்த டிவிடில உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், இருவது வருசமாப் பதில் வரல, அதுக்குப் பதில் சொன்னா இருக்கேங்கா."

"எந்த டிவிடின்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். பார்த்தவருக்குத் தெரியும்னுட்டா."

இசக்கியம்மாள் பெட்டியை வாங்கி டிவியோடு இணைத்தாள். இருநூற்று நான்கு ஞாயிறுகளும் இறங்கி வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக்.

"எல்லாம் பார்த்தாச்சே?"

"அது பெட்டி போட்டது டீச்சர். ஒண்ணு ஓடுனா ஆறுக்கும் போட்டுத் தொலைக்குது."

"பெட்டி செஞ்சது தப்புதான்," என்றாள் இசக்கியம்மாள். "கப்பல்ல இருக்கும்போது?"

பெர்க்மான்ஸ் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெள்ளைக் குவியல்கள் அசைந்துகொண்டிருந்தன.

"துறைமுகத்துக்குப் பார்சல் வரும். கைல கிரீஸோட வாங்குவேன். முதல் ஞாயிறு ஓடும். பிள்ள முகத்தப் பார்ப்பேன், மனசு நிறைஞ்சு போவும். அப்புறம் கூப்பிட்டுருவாங்க. இல்லன்னா தூங்கிருவேன்."

"அவங்க போன்ல கேட்டிருப்பாங்களே?"

"கேப்பா. பார்த்தேன்னு சொல்லுவேன்."

"ஆறையுமா?"

"பார்த்தேன்னு சொல்லுவேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. தன் வீட்டில் தான் தனியாக உட்கார்ந்து சோறு போட்டுச் சாப்பிடுவதை அவர் நேற்று ராத்திரியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிச்சுக் குடுத்தா என்ன செய்வீங்க?"

"இருநூத்தி நாலையும் இருந்து பார்க்க நேரமில்ல டீச்சர். தனித்தனியா இருந்தா, ஒவ்வொண்ணுலயும் தலையையும் வாலையும் மட்டும் ஓட்டிப் பார்ப்பேன். கேள்வி ஆப்புட்டுரும்."

"ஆப்புட்டதும்?"

"பதில் சொல்லிருவேன்."

"மத்ததெல்லாம்?"

 

இசக்கியம்மாள் ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு டிக்காக அழித்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. கடைசி டிக்கும் போனபோது, ஒருவருமே பார்க்காத இருநூற்று நான்கு ஞாயிறுகள் திரையில் இருந்தன. பெர்க்மான்ஸுக்கு நாலு வருடமும் போன வழி தெரியாமல் போன மாதிரி இருந்தது.

அவள் நாலாவது ஞாயிறைத் தொட்டாள். முதல் ஞாயிறு ஓடத் தொடங்கியது.

"பார்த்தீங்களா டீச்சர், இதத்தான் சொன்னேன்."

"பார்த்துக்கிட்டு இருங்க. உலை வச்சுட்டு வாரேன்," என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

முதல் ஞாயிறு அவருக்குத் தெரிந்ததுதான். ஆறு வயது இமெல்டா கேமராவுக்குள் கண்ணை விட்டுப் பார்ப்பாள். அம்மா அவளை இழுத்து உட்காரவைத்துத் தலை வாருவாள். முடிந்தது. திரை ஒரு கணம் வெள்ளையானது. ஜன்னலும் வெள்ளையாகத்தான் இருந்தது.

இரண்டாவது ஞாயிறு வந்தது. இதை அவர் பார்த்ததில்லை. இமெல்டாவுக்கு முன்பல் விழுந்திருந்தது. பல்லைத் தீப்பெட்டிக்குள் வைத்து ஆட்டிக் காட்டினாள். மூன்றாவதில் வீட்டுக்குள் மழை ஒழுகியது. மனைவி ஒவ்வொரு பாத்திரமாக வைத்து, இது உங்க கப்பல், இது என் கப்பல் என்று பாத்திரங்களைச் சுட்டிச் சொல்லிச் சிரித்தாள். நாலாவதில் இமெல்டா காய்ச்சலில் படுத்திருந்தாள். இருபது நிமிடமும் யாரும் பேசவில்லை. மனைவி ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து நெற்றியில் போட்டாள்.

அந்த வாரம் போனில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று தான் கேட்டதும், இப்ப நல்லாருக்கா என்று அவள் சொன்னதும் பெர்க்மான்ஸுக்கு நினைவு வந்தது. அந்த 'இப்ப' என்னவென்று அவர் அன்று கேட்கவில்லை.

அழுகை வந்தது. அழுதார். அழுதுகொண்டே இருக்கும்போது ஐந்தாவது ஞாயிறு வந்துவிட்டது. அந்த வீட்டுக்குள் இப்போது அவரும் இருந்தார். அரிசி டின்மேல், கேமரா இருந்த இடத்தில். மனைவி அவரைக் கடந்து அடுப்படிக்குப் போனாள், வந்தாள். சேலை நுனி அவர் முகத்தில் பட்டது போலிருந்தது. உப்பளத்துக் காற்று ஜன்னல் வழியாக வந்தது. அது அந்த வீட்டுத் திரைச்சீலையையும் அசைத்தது.

ஆறாவது ஞாயிறின் கடைசியில் மனைவி கேமராவை அணைக்க வந்தாள். அணைக்கவில்லை. எதிரே உட்கார்ந்தாள். வயது முப்பத்து மூன்று. கண் மை லேசாகக் கலைந்திருந்தது.

"இமெல்டா அப்பா, இது வரைக்கும் பார்த்துட்டீங்களா?"

பெர்க்மான்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படின்னா ஒண்ணு கேக்கேன், செய்வீங்களா? அடுத்த தடவ போன் பேசும்போது இமெல்டா அம்மான்னு கூப்பிடாம, செலஸ்டினான்னு என் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. நீங்க பார்த்துட்டீங்கன்னு நான் தெரிஞ்சுக்கிடுதேன். வெளிய சொல்லமாட்டேன்."

சிரித்தாள். கை நீண்டு வந்து திரையை மூடியது.

முதல் டிவிடி. அது கைக்கு வந்த துறைமுகத்திலிருந்து அவர் போன் பண்ணி, இமெல்டா அம்மா, எல்லாம் பார்த்தேன் என்று சொன்ன அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் முப்பத்து மூன்று டிவிடி அனுப்பியிருக்கிறாள்.

இசக்கியம்மாள் இரண்டு தம்ளரில் வடிகஞ்சி கொண்டுவந்தாள். ஒன்றை அவர் பக்கத்தில் வைத்தாள்.

வெயில் சாய்ந்திருந்தது. உப்புக் குவியல்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கி உட்கார்ந்துகொண்டிருந்தன. பெர்க்மான்ஸ் கஞ்சியைத் தொடவில்லை. அவர் மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

"டீச்சர், பேர்தான். ஒரே ஒரு பேர்." எழுந்துவிட்டார். "வீட்டுக்குப் போய் வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டா, எல்லாத்தையும் பார்த்துட்டேன்னு நெனைச்சுக்கிடுவா. இருந்துருவா. இல்லியா?"

இசக்கியம்மாள் திரையைக் காட்டினாள். நீண்ட வரிசையில், மேலே மட்டும் டிக் விழுந்திருந்தது.

"எத்தனை இருக்கு அண்ணாச்சி?"

அவர் எண்ணினார். இந்தத் தடவை பெட்டி சரியாகத்தான் போட்டிருந்தது.

"ஆறு."

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க," என்றாள் இசக்கியம்மாள். "கூப்பிட்டுட்டு, ஆறுன்னு சொல்லுங்க."