கட்டையன் வைத்த விருந்து

கடலோரக் காட்டை ஒட்டி ஒரு கருவாட்டுக் கொட்டகை. அங்கே கட்டையன், செவலை என்று இரண்டு எலிகள். கிடைப்பது ஒரே கருவாடு என்றாலும் பங்கு போட்டுத்தான் தின்னும்.

செவலையின் அப்பன் ஓடும்போதே சுருண்டு விழுந்து செத்தது. அண்ணனும் அப்படியே. செவலை பயந்துபோய்க் குளத்து ஆமை வைத்தியரிடம் போனது. கட்டையனும் கூடப் போயிற்று.

ஆமை நாடி பிடித்தது.

"ரத்தக்கொதிப்பு. உங்க குடும்பத்துக்கே உள்ளது. உப்பை விடு. கருவாட்டுப் பக்கமே போகாதே."

"எனக்கு ஒண்ணும் செய்யலையே, வைத்தியரே!"

"செய்யாது. செய்யுற அன்னைக்குச் சொல்ல உனக்கு வாய் இருக்காது. போ!"

செவலை கேட்டுக்கொண்டது. கோரைக்கிழங்கைத் தோண்டித் தின்றது. மறுபடி போனபோது, "இறங்கியிருக்கு. இப்படியே இரு," என்றது ஆமை.

கட்டையனுக்குத்தான் பொறுக்கவில்லை. தனியாகத் தின்றால் கருவாடு தொண்டையில் இறங்கவில்லை.

"ஏண்டா, நானும் அதே கருவாட்டைத்தானே தின்னேன்? என்னைப் பார்! கல்லு மாதிரி இருக்கேன்!"

"எங்க வீட்டுல ரெண்டு சாவு விழுந்திருக்குடா."

"போடா பயந்தாங்கொள்ளி! ஆமை பேச்சைக் கேட்டா ஆமை மாதிரிதான் நடப்பே!"

கட்டையன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பந்தியில் நெத்திலிக் கருவாடு. செவலை தன் கிழங்கை எடுத்தது. கட்டையன் முகம் சுண்டிப்போயிற்று.

"என் வீட்டு விசேஷத்துல கிழங்கு தின்னுட்டுப் போறியா? நீ வாய் வைக்கலைன்னா நானும் பட்டினி!"

செவலை கூட்டாளியின் முகத்தைப் பார்த்தது. ஒரு துண்டு கடித்தது.

ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தியா!" என்று குதித்தது கட்டையன். அப்புறம் தினமும் கொண்டுவந்து ஊட்டியது.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை பூனை வந்தது. இரண்டும் ஓடின. வளை வாசலில் கட்டையன் திரும்பிப் பார்த்தது. செவலை பாதி வழியில் கிடந்தது. ஒரு பக்கத்துக் கால்கள் செத்துப்போயிருந்தன. வாய் கோணியிருந்தது.

"எழுந்திருடா! ஓடி வாடா!"

செவலை வெறுமனே பார்த்தது. பூனை அவசரப்படவில்லை. நடந்து வந்து கவ்விக்கொண்டு போயிற்று.

கட்டையன் குளத்துக்கு ஓடி நடந்ததைச் சொன்னது.

"வைத்தியரே, நானும் அதையேதான் தின்னேன்! எனக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?"

"உன் உடம்பு தாங்குது. அவன் உடம்பு தாங்கலை. உன்னை வச்சுக்கிட்டுத்தானே சொன்னேன்?"

ஆமை தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. கட்டையன் கரையிலேயே உட்கார்ந்திருந்தது.

தன் உடம்பு தாங்குவதை அடுத்தவன் உடம்பும் தாங்கும் என்று வற்புறுத்தி ஊட்டுகிறவன், அன்பாலேயே கொல்கிறான்.